புதிய கார்டு போட்டும் திக்கிய கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா மகன் திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தான். வழக்கமான நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "மாமா, 26,000 ரூபாய் கொடுத்துப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். ஒரு பிரேம்கூட ஏறவில்லை" என்றான். திரைக் காட்சியை வரையும் பாகம் கிராஃபிக்ஸ் கார்டு; அது வரைந்து தரும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நொடிக்கு வரும் பிரேம் கூடினால் ஆட்டம் சீராக ஓடும். அந்தப் பணம் இரண்டு வருடப் பொங்கல் காசும், பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த காசும். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகமாகத் தெரிந்தது. அன்று மாலையே கிளம்பிப் போனேன்.

அந்தக் கணினியை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு முழுவதும் முடிந்ததாக நினைத்துத் திரும்பினேன். மீதிப் பாதி அன்றே என் கண்ணில் பட்டிருந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

குறையும் இயந்திரமும்

அவன் ஆடுவது பப்ஜியின் கணினி வடிவம். மொபைல் வடிவத்தை 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். 2022 ஜனவரியில் கணினி வடிவம் இலவசமானதும் இந்தப் பக்கம் வந்துவிட்டான். நூறு பேர் விமானத்திலிருந்து குதித்து, எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தீவில் கடைசி ஆள் மிஞ்சும்வரை மோதும் ஆட்டம் அது.

அவன் சொன்ன குறையைக் கூடியவரை அவன் சொன்னபடியே தருகிறேன். ஆளில்லாத வயல்வெளியில் வண்டி ஓட்டும்போது நொடிக்கு 110 பிரேம் வருகிறது. பொச்சின்கி ஊருக்குள் இருபது பேரோடு இறங்கினால் ஐம்பதுக்கு விழுகிறது. துப்பாக்கிச் சண்டை மூண்டால் நாற்பது. ஆட்டப் பரப்பு சுருங்கி மிஞ்சும் கடைசி வட்டத்தில் எண்ணைப் பார்க்க நேரமில்லை, ஆனால் திரை திக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. தனியாக ஆடும் கதை விளையாட்டுகள் எல்லாம் புதிய கார்டில் வெண்ணெயாக ஓடுகின்றன.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முக்கால்வாசித் தடயம் இருந்தது.

இயந்திரம் மூன்று வருடத்துக்கு முன் ஊரில் ஒரு கடையில் பூட்டியது. ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட ரைசன் 5 3600 பிராசசர், அட்டையில் 3200 என்று போட்ட 16 ஜிபி டிடிஆர்4 ரேம், நொடிக்கு 144 முறை படத்தை மாற்றக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். பழைய கார்டு ஜிடிஎக்ஸ் 1650. புதியது 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060.

காரணத்துக்கும் பஞ்சமில்லை. அத்தான் இணையத்தைக் குற்றம் சொல்லி, வேகம் கூடிய திட்டத்துக்கு ஏற்கெனவே மாறியிருந்தார். விடுதி நண்பன் 32 ஜிபி ரேம் வேண்டும் என்றான். கடைக்காரர் கார்டு போதாது என்றார், அவரிடம் கார்டு இருந்தது.

இணையமா, கணினியா

இதைப் பிரிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆட்டத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு மவுஸை மட்டும் இடமும் வலமும் திருப்பச் சொன்னேன். பார்வை திரும்புவது சர்வரைக் கேட்டு நடப்பதில்லை, அது முழுக்க நம் கணினியின் வேலை. இணையம் மட்டும் மோசமாக இருந்தால் பார்வை தடங்கலின்றித் திரும்பும். எதிரி மட்டும் இங்கிருந்து அங்கு தாவுவான், சுட்ட குண்டு பட்டும் படாததாகும், ஓடிய தூரத்திலிருந்து நாம் பின்னால் இழுக்கப்படுவோம். கணினி தடுமாறினால் வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பினாலும் காட்சி வெட்டி வெட்டி நகரும். அவனுக்கு வெட்டி வெட்டித்தான் நகர்ந்தது. அத்தானிடம் பழைய இணையத் திட்டத்துக்கே திரும்பலாம் என்றேன். ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டியிருந்தார்.

போகிற போக்கில் ஒரு சின்னக் கூத்தும் கண்ணில் பட்டது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60 ஹெர்ட்ஸில் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மாற்றிவிட்டோம். திக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது, கார்டா பிராசசரா என்ற கேள்வி. இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. விளையாட்டில் பிரேம் உச்சவரம்பு எதுவும் இல்லாமல் நீக்கிவிட்டு, படத்தின் தெளிவை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். பப்ஜியில் அதற்கென ஓர் அளவுகோல் உண்டு, 70 வரை இறங்கும். கார்டு திணறிக்கொண்டிருந்தால் அதன் சுமை குறைந்து பிரேம் எகிற வேண்டும். இறக்கினோம். திரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதுபோல ஆனது. பொச்சின்கியில் அதே ஐம்பது. கார்டின் பயன்பாடு 40 விழுக்காட்டைச் சுற்றியே நின்றது. கார்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

நிழல், தொலைவுக் காட்சி போன்றவற்றையும் சேர்த்து இறக்கினால் இந்தச் சோதனை குழம்பிவிடும். தொலைவுக் காட்சியைக் குறைத்தால் பிராசசரின் சுமையும் குறையும். ஆகவே தெளிவை மட்டும் தொட வேண்டும்.

பிராசசருக்கு அப்படி என்ன வேலை என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பிரேமுக்கும் முன்பு அது சர்வரிலிருந்து வந்த தகவலைப் பிரித்து, யார் எங்கே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று கணக்கிட வேண்டும். இரண்டு தகவல்களுக்கு நடுவிலுள்ள அசைவை ஊகித்து நிரப்ப வேண்டும். அருகிலிருக்கும் ஒவ்வொருவரின் எலும்புக்கூட்டையும் அசைக்க வேண்டும். குண்டு, கதவு, வாகனம், ஒலி எல்லாவற்றையும் பார்த்து, கண்ணில் படாததைக் கழித்து, இன்னதை இன்ன வரிசையில் வரை என்று கார்டுக்குப் பட்டியல் எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கார்டு தூரிகையை எடுக்கும். நொடிக்கு 60 பிரேம் என்றால் இத்தனையும் 16.7 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். 144 என்றால் 6.9 மில்லி நொடிக்குள். தனி ஆள் கதை விளையாட்டில் எத்தனை பேர் எப்போது வருவார்கள் என்பதை உருவாக்கியவர்கள் முன்பே தீர்மானித்து அளந்து வைத்திருப்பார்கள். இங்கே நூறு பேரும் ஒரே தெருவில் இறங்க முடிவெடுத்தால் தடுக்க ஆளில்லை.

கணினியின் சுமையைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசர் 35 விழுக்காடுதான் ஓடுகிறது என்று காட்டினான். இந்த எண் பலரைக் கவிழ்த்திருக்கிறது. இந்த பிராசசருக்கு ஆறு கோர், பன்னிரண்டு இழைகள், அதாவது ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலைத் தொடர்களை ஓட்டும். விளையாட்டின் முதன்மை இழை ஒன்று மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது பன்னிரண்டில் ஒன்று, அதாவது 8 விழுக்காடு சொச்சம். அதுவும் விண்டோஸ் அந்த இழையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் எந்தக் கோரும் நூறு தொட்டதாகக் காட்டாது. பன்னிரண்டு பேர் உள்ள சமையற்கட்டில் ஒருவர் மட்டும் தோசை வார்க்க, மற்றவர்கள் தட்டோடு நின்றால் சராசரி உழைப்பு குறைவாகத்தான் தெரியும்.

ஜிடிஏ ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் இதே குணம் வேறு உருவத்தில் வெளிப்பட்டது. பல வருடங்களாக அதில் நுழையவே சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்கள் வேகமான வட்டு வாங்கினார்கள், இணையத்தை மாற்றினார்கள். 2021 பிப்ரவரியில் புனைபெயரில் எழுதும் ஒரு நிரலாளர் தன் கணினியில் ஆராய்ந்தபோது, வட்டும் இணையமும் சும்மா இருக்க, ஒரே ஒரு இழை ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 63,000 பொருள்கள் கொண்ட 10 எம்பி பட்டியலை மிக மோசமான முறையில் படித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அவர் எழுதிய திருத்தம் ஆறு நிமிடக் காத்திருப்பை இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவந்தது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்று அடுத்த மாதமே திருத்தத்தை வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசும் தந்தது. பையனின் கதையில் தவறு நிரலில் இல்லை. ஆனால் எது ஓடுகிறது என்பதோடு எது சும்மா இருக்கிறது என்பதையும் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தக் கட்டுரையிலிருந்து வந்தது.

முதல் மாலையின் பாதி வெற்றி

பிராசசர் காத்திருக்கிறது என்றால் எதற்காக? டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. வேகம் 2133. பயன்படும் ரேம் துளைகள் நான்கில் இரண்டு.

முதல் செய்தியைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியில் 3200 என்று அச்சிட்ட ரேம் தானாக அந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை யாராவது இயக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மதர்போர்டிலும் ஓடிவிடும் பாதுகாப்பான குறைந்த வேகத்தில் ரேம் படுத்துக்கிடக்கும். கடையில் யாரும் இயக்கவில்லை. ரைசன் 3000 வரிசையில் இதற்கு இரட்டை அபராதம் உண்டு. பிராசசரின் உட்பகுதிகளை இணைக்கும் பாதை வழக்கமாக ரேமின் வேகத்தோடு கைகோத்தே ஓடும், ரேம் நடந்தால் அதுவும் நடக்கும்.

இயக்கினேன். மறுதொடக்கம். பொச்சின்கியில் ஐம்பது அறுபதானது. பையன் மகிழ்ந்தான், அக்கா இட்லி வைத்தாள், நான் இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

இரண்டாவது செய்தியை நான் படித்த விதம் இது: இரண்டு ரேம் இருக்கிறது, ஆகவே இரட்டைத் தடம் (ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே இரண்டு பாதைகள்) இயங்குகிறது, நல்லது. இந்த 'ஆகவே'யில்தான் சறுக்கினேன்.

மீண்டும் திக்கல்

பத்து நாள் கழித்து அழைத்தான். எண் கூடியிருக்கிறது, ஆனால் சண்டையில் இன்னும் திக்குகிறது, இருபது நிமிடம் ஆடிய பிறகு மோசமாகிறது என்றான். இந்த முறை எண்ணை நம்புவதில்லை என்ற முடிவோடு போனேன்.

திரை மூலையில் தெரியும் சராசரி எண் எதை மறைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. நூறு பிரேம்களில் 99 பிரேம்கள் தலா 8 மில்லி நொடியில் வருகின்றன, ஒன்று மட்டும் 100 மில்லி நொடி எடுக்கிறது என்று வைப்போம். மொத்தம் 892 மில்லி நொடி. சராசரி நொடிக்கு 112 பிரேம்! கேட்டால் பொறாமையாக இருக்கும். ஆடுபவனுக்கோ நொடிக்கு ஒரு முறைக்கு மேல் விக்கல் எடுக்கும். எனவே ஒவ்வொரு பிரேமும் எடுத்த நேரத்தைப் பதிந்து, மிக மெதுவான ஒரு விழுக்காட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பிரசென்ட்மான் என்ற இலவசக் கருவி இதைச் செய்கிறது. விளையாட்டுக்குள் கை நுழைக்காமல் விண்டோஸ் தரும் நிகழ்வுப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்வதால் மோசடித் தடுப்பு மென்பொருளோடு சண்டைக்குப் போவதில்லை.

இணைய ஆட்டத்தை அளப்பதில் இன்னொரு சங்கடம், எந்த இரண்டு ஆட்டமும் ஒன்றுபோல் இருக்காது. நல்லவேளையாகப் பப்ஜி ஆடிய ஆட்டத்தைப் பதிந்துவைத்து மறுபடி ஓட்டிக் காட்டும். அதில் நேரடி ஆட்டத்தின் முழுச் சுமையும் இருக்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சுமை இருக்கும். அவன் அன்று காலை ஆடிய ஒரு பொச்சின்கிச் சண்டையின் மூன்று நிமிடத்தை எடுத்துக்கொண்டோம். சராசரி நொடிக்கு 84 பிரேம். மிக மெதுவான ஒரு விழுக்காட்டில் நொடிக்கு 47. அந்த இடைவெளிதான் திக்கல்.

சூடு பற்றிச் சந்தேகம் இருந்ததால் பெட்டியைத் திறந்தேன். படிக்கும் மேசையின் கீழ், கதவு வைத்த அறைக்குள் அது இருந்தது; அக்காவுக்குத் தூசி ஆகாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் தூசிக்கு முன்னால் இன்னொன்று கண்ணில் பட்டது. நான்கு ரேம் துளைகளில் பிராசசரை ஒட்டிய முதல் இரண்டிலும் இரண்டு ரேம்கள், பெஞ்சில் தோழிகள்போல நெருக்கி உட்கார்ந்திருந்தன.

பொதுவாக நான்கு துளை மதர்போர்டில் முதல் இரண்டும் ஒரு தடத்தையும், அடுத்த இரண்டும் மற்றொரு தடத்தையும் சேர்ந்தவை. இரண்டு ரேம் என்றால் தடத்துக்கு ஒன்றாக, இரண்டாவது நான்காவது துளைகளில் போட வேண்டும். மதர்போர்டோடு வரும் கையேட்டில் படமே இருக்கும். அடுத்தடுத்து போட்டால் இரண்டும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும். சிபியு-இசட் என்ற சிறு மென்பொருளைத் திறந்திருந்தால் ஒற்றைத் தடம் என்று முதல் நாளே சொல்லியிருக்கும். டாஸ்க் மேனேஜர் துளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும், எந்தத் துளை என்பதைச் சொல்வதில்லை.

ஒரு தடம் ஒரு முறைக்கு 8 பைட் கடத்தும். 2133 வேகத்தில் ஒற்றைத் தடம் நொடிக்கு 17 ஜிபி. எக்ஸ்எம்பி இயக்கியபின் 25.6 ஜிபி. இரண்டு தடம் என்றால் 51.2. மூன்று வருடம் இந்தக் கணினி தனக்கு உரியதில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் ஓடியிருக்கிறது.

இதெல்லாம் கதை விளையாட்டில் ஏன் உறைக்கவில்லை? பிராசசருக்குள்ளேயே கேஷ் என்ற சின்ன வேக நினைவகம் உண்டு. இந்த பிராசசரின் மூன்றாம் அடுக்கில் 32 எம்பி. தேவையான தகவல் அதில் இருந்தால் ரேமைத் தேட வேண்டியதில்லை. நூறு பேர், ஆயிரம் பொருள்கள், எப்போது எது தேவைப்படும் என்று தெரியாத நிலையில் தகவல் அதில் அடங்காது. ஒவ்வொரு முறை ரேமுக்குப் போய் வருவதற்கும் ஏறத்தாழ 80 நானோ நொடி ஆகிறது என்று கொண்டால், 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட துடிப்புகளை (கணக்கிடும் அடிகளை) இழக்கிறது. வரிசையில் முன்னால் வேறு கோரிக்கைகள் நின்றால் இன்னும் அதிகம். இந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரியது என்பதை ரைசன் பிராசசர்களின் நிறுவனமான ஏஎம்டி 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி நிரூபித்தது. அதன் துடிப்பு வேகம் சாதாரண 5800எக்ஸைவிடக் குறைவு, கேஷ் மட்டும் 96 எம்பி. விளையாட்டுகளில் பெரும்பாலும் அதுதான் முந்தியது.

ஒரு ரேமைக் கழற்றி நான்காவது துளையிலும், மற்றதை இரண்டாவதிலும் போட்டேன். அதோடு தூசியையும் ஊதிவிடலாம் என்று பையன் துடைப்பானோடு வந்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. தூசியோடு மூடி, கணினி ஆறும்வரை காபி குடித்து, அதே மூன்று நிமிடத்தை ஓட்டினோம். சராசரி 103. மெதுவான ஒரு விழுக்காடு 68. சராசரி கூடியதைவிட அடிமட்டம் கூடியதைத்தான் கவனிக்கச் சொன்னேன். அவன் எண்ணைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்து "மாமா, திக்கவில்லை" என்றான்.

இருபதாவது நிமிடம்

மிச்சமிருந்தது இருபது நிமிடத்துக்குப் பிறகு வரும் சரிவு. நேரடி ஆட்டம் ஆடச் சொல்லி வெப்பநிலையைப் பதிந்தேன். அறையில் மின்விசிறி மட்டும், வெளியே திருச்சி வெயில். மேசை அறையின் கதவு மூடிய நிலையில் பதினெட்டாவது நிமிடம் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டது. அதுதான் அதன் எல்லை. அங்கிருந்து துடிப்பு வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கதவைத் திறந்து ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்ததும் சில நிமிடத்தில் எண் மேலேறியது. பிறகுதான் தூசியை எடுத்தோம். விசிறித் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோலப் படிந்திருந்தது. பழைய வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது, மாற்றினேன். கணினி மேசைக்கு மேலே வந்தது. அதன்பின் ஒரு மணி நேரம் ஆடியும் 80ஐத் தாண்டவில்லை. அக்காவுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை துடைப்பதாகப் பையன் வாக்களித்ததில் பிரச்சினை தள்ளிப்போயிருக்கிறது.

மொத்தச் செலவு, வெப்பப் பசைக்குக் கொடுத்த முந்நூறு சொச்சம் ரூபாய்.

இறங்கியவுடன் முதல் சில நொடிகள் வரும் குலுக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது. விளையாட்டு பழைய சுழலும் வட்டில் இருக்கிறது, வீடுகளும் மரங்களும் அதிலிருந்து வந்து சேரும்வரை தடுமாறுகிறது என்பது என் கணிப்பு. அளந்து பார்க்கவில்லை.

கிளம்பும் முன் முதல் நாள் செய்த தெளிவுச் சோதனையைத் திரும்பச் செய்தோம். இப்போது தெளிவை ஏற்றினால் பிரேம் இறங்கியது, இறக்கினால் ஏறியது. காட்சித் தரத்தை உயர்வில் வைத்ததும் கார்டின் பயன்பாடு 90 விழுக்காட்டைத் தொட்டு, அதன் விசிறிச் சத்தம் முதல் முறையாக அறையில் கேட்டது. "என்ன மாமா இது சத்தம்?" என்று பதறினான். வாங்கி ஒரு மாதம் கழித்து அந்தக் கார்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தது.